பேர் மாறிக் கூப்பிட்டவன்

முஞ்சிறையில் காவி வேட்டியை இறுக்கிக் கட்டி
ஓலை விசிறியை இடுப்பில் செருகும்போது
அபிலாஷ் கேட்டான்:
"சாமியே இல்லேன்னு சொல்லுவீங்களே அப்பா?"
இப்பவும் அதைத்தான் சொல்லுகிறேன் மக்கா.
இது உன் அண்ணன் பாக்கி வைத்த ஓட்டம்.

விசிறிக் காம்பில் விஜின் பேனாவால் போட்ட கோடு
பன்னிரண்டு கோயிலுக்கு இரண்டுதான்.
போன சிவராத்திரிக்கு திக்குறிச்சியோடு முட்டு வீங்கி
வண்டியேறித் திரும்பினான்.
மூன்றாவது கோயில் இருக்கும் ஊருக்கு
ஆனி மழையில் போனான்,
கூட்டாளிகளோடு, குளிக்க.

ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடுகிற மாசம்.
பால்வெட்டு நின்று கைக்கு வேலையில்லை.
முப்பது வருஷமாக மரத்தைக் கீறிப் பிழைக்கிறவன் நான்.
பட்டைக்குள் கத்தி எதுவரை போகலாம் என்று தெரியும்,
தாண்டினால் மரம் பட்டுப்போகும் என்றும்.
எனக்குள் போன கத்தி எங்கே நின்றது என்றுதான் தெரியவில்லை.

திக்குறிச்சிப் படியில் ஆறு முட்டளவு.
மேலே மூவாற்றுமுகத்துப் பாறையிடுக்கில்
மூன்றாம் நாள் அவனைத் தூக்கினோம்.
அவனை விட்டுவிட்டு வந்த தண்ணீர்
இந்தப் படியைத் தொட்டுத்தானே கடலுக்குப் போயிருக்கும்.
மூழ்கி எழுந்தேன்.
அழுதேனா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

அங்கிருந்து ஓட்டம் ஆற்றுக்கு எதிர்த்திசை.
அவன் வந்த வழியே நான் போகிறேன்.
முன்னால் நூறு பேர் "கோவிந்தா" என்றால்
பின்னால் நூறு பேர் "கோபாலா".
சிவனைப் பார்க்க ஓடுகிற கூட்டத்துக்கு
வாயில் பெருமாள் பேர்.

அருமனை பக்கம் ஒரு வீட்டு வாசலில்
கழுத்தில் சிலுவை போட்ட பெண்
கஞ்சியும் மரச்சீனியும் காந்தாரிச் சம்மந்தியும் வைத்தாள்.
யாருக்கு நேர்ச்சை என்று கேட்கவில்லை.
"இன்னும் கொறச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

திற்பரப்பு. இரவு பதினொன்று தாண்டியிருக்கும்.
இருட்டில் அருவி வெள்ளையாக இரைந்தது.
குளித்துத்தான் தொழவேண்டும்.
எல்லோரும் சாடினார்கள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.
கேட்கவென்று எட்டு மாசம் சேர்த்து வைத்த கேள்விகள்
அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தவன்
சட்டையோடு தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தேன்.
தொண்டை கிழியக் கத்தினேன்:
"லேய் விஜினே!"

அபிலாஷ் திரும்பினான்.

எட்டு மாசமாக இப்படித்தான்.
சோற்றுக்கும் கடைக்கும் கதவு திறக்கவும்
செத்தவன் பேரைச் சொல்லுகிறேன்,
இருக்கிறவன் வருகிறான்.
ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை.
அன்றும் "ஓ" என்றான்.
குடிதண்ணீர்ப் பாட்டிலில் ஆற்றைப் பிடித்துக்கொண்டு வந்து
என் தலையில் ஊற்றினான்,
பிள்ளைக்கு ஊற்றுவது போல, நெற்றியில் கை வைத்து மறைத்து.

நடையில் நின்று விசிறினேன்.
இங்கே இருப்பவர் கோபக்காரர் என்பார்கள்.
விளக்கு ஒருதரம் ஆடியது;
அருவிக்காற்றாகவும் இருக்கலாம்.
"கோவிந்தா" என்றேன். வேறு ஆள் பேர்.
உள்ளே இருந்தவரும் திருத்தவில்லை.

மீதி ஒன்பதையும் ஓடினேன் என்று சொல்லமாட்டேன்.
பொன்மனைக்கு அப்புறம் நடந்தேன்.
கல்குளத்துக்கு அப்புறம் நொண்டினேன்.
ஒவ்வொரு நடையிலும் அபிலாஷ்தான் காம்பில் கோடு போட்டான்.
நட்டாலத்தில் பேனா எழுதவில்லை.
நகத்தால் கீறினான். அளவாகத்தான்.

நல்ல வெயில். தார் ரோடு சுட்டது.
ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றவனிடம் சொன்னேன்:
"போலாமா அபிலாஷே."

முதல் தடவை அவன் திரும்பவில்லை.